விடிய விடிய சயின்ஸ் ஃபிக்‌ஷன்: எங்கள் மாரத்தான் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வருடத்துக்கு ஒருமுறை ஓர் இடத்தில் கூடி, காலையில் ஆரம்பித்து மறுநாள் விடியும்வரை சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களாகவே பார்க்கிற நண்பர் கூட்டம் எங்களுடையது. புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளும், பழைய ஆட்கள் கூடும்போதெல்லாம் மறுபடி மறுபடி கிளறுகிற பேச்சும் கீழே இருக்கின்றன. பதில்களில் என் சொந்த அபிப்பிராயம் தாராளமாகக் கலந்திருக்கும். ஒத்துவராதவர்கள் நேரில் வந்து சண்டை போடலாம், டீ நான் வாங்கித் தருகிறேன்.

ஒரு நாளில் எத்தனை படம் ஓடும்?

24 மணி நேரம் என்றதும் பன்னிரண்டு படம் என்று வகுத்துக்கொண்டு வருகிறார்கள். அவ்வளவு வராது. ‘ஏலியன்’ (1979), ‘பிளேடு ரன்னர்’ (1982) போன்றவை இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நடுவில் ஒரு தமிழ்ப்படம் நுழைந்தால் கணக்கு மாறிவிடும்; ‘எந்திரன்’ (2010) மட்டுமே ஏறக்குறைய மூன்று மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் சாப்பாடு, டீ, வெளியே போய் நின்று “அந்த முடிவு சரியில்லீங்க” என்று வாதாடுகிற நேரம். எட்டு, ஒன்பது படங்களில் நிற்கும். சந்து பொந்துகளில் குறும்படங்களைச் செருகுவோம்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவைப் பார்த்து ஆரம்பித்ததா?

அமெரிக்காவில் இதற்குப் பெரிய பரம்பரையே உண்டு. பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜில் ஆர்சன் வெல்ஸ் சினிமா என்ற தியேட்டரில் 1976-இல் தொடங்கிய 24 மணி நேர மாரத்தான் இன்றும் நடக்கிறது. 1986-இல் அந்தத் தியேட்டர் தீப்பிடித்து மூடிவிட்டது, ரசிகர்கள் விடவில்லை. வேறு வேறு அரங்குக்கு மாறிக்கொண்டே ஓட்டிவிட்டார்கள். 1953-இல் வந்த ‘டக் டாட்ஜர்ஸ்’ என்ற ஏழு நிமிடக் கார்ட்டூனை வருடா வருடம் போடுவது அங்கே சம்பிரதாயம். வேற்றுக்கிரகவாசி இணை தேடினால் எப்படிக் கூவும் என்று ஒரு போட்டிகூட நடத்துவார்கள். வளர்ந்த மனிதர்கள் மேடையேறிக் கூவுகிறார்கள். ஒஹாயோ மாகாணத்தின் கொலம்பஸிலும் இப்படி ஒன்று உண்டு.

ஆனால் விடிய விடியப் படம் பார்ப்பதை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண் விழிப்பவர்களுக்காக ஒரே டிக்கெட்டில் இரண்டு மூன்று படம் ஓட்டிய தியேட்டர்கள் தமிழ்நாடு முழுக்க இருந்தன. எண்பதுகளில் வீடியோ கேசட் ஓட்டும் டெக் வந்தது. ஊர் நோம்பி, அதாவது திருவிழா என்றால் கலர் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, மாரியம்மன் கோயில் திடலில் பாய் விரித்து, நாலு கேசட் போட்டு விடியவைப்பார்கள். மூன்றாவது கேசட்டில் படம் கோடு கோடாக ஓடும். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, டெக்குக்குள் நாடாவைப் படிக்கிற ஹெட்டைத் துடைக்கிற பையனுக்கு அன்று ராத்திரி இருந்த மரியாதை கோயில் தர்மகர்த்தாவுக்குக்கூட இருக்காது. எங்கள் கூட்டத்தின் மூத்த உறுப்பினர்கள் இரண்டு பேர் அப்படி ஹெட் துடைத்தவர்கள்தான். அந்த நாலு கேசட்டில் தவறிப்போய் ஒரு இங்கிலீஷ் கேசட் கலந்துவிடும், 1984-இல் வந்த ‘டெர்மினேட்டர்’ மாதிரி. மொழி தெரியாமல், விடியற்காலையில், வயக்காட்டுக் காற்றில் அதைப் பார்த்தவர்கள் சயின்ஸ் ஃபிக்‌ஷனை விட்டு எங்கே போவார்கள்?

பழைய ஆட்கள் “அஞ்சாவது படம்”, “அஞ்சாவது படம்” என்கிறார்களே, அது என்ன சமாச்சாரம்?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாரத்தானே இதில்தான் இருக்கிறது.

என்ன படம் பார்த்தோம் என்பது பெரிய விஷயமே கிடையாது. எத்தனையாவதாகப் பார்த்தோம் என்பதுதான் விஷயம். காலையில் பல் விளக்கி, இட்லி சாப்பிட்டு உட்கார்ந்து பார்க்கிற ‘ஸ்டாக்கர்’ (1979) வேறு. நான்கு படங்களை முடித்து, கண் எரிய, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கிற ‘ஸ்டாக்கர்’ வேறு. காலையில் அது மெதுவாக நகர்கிற ரஷ்யப் படம். ராத்திரியில் படத்தில் வருகிற அந்த மர்ம மண்டலத்துக்குள் நாமும் நடக்க ஆரம்பித்துவிடுவோம். சூலூர்க்காரர் ஒருவர் அதில் வருகிற கறுப்பு நாய் ஒரு இடத்தில் பேசியது என்று இன்றுவரை சாதிக்கிறார். படத்தைத் திரும்பப் போட்டுக் காட்டியாயிற்று. “அன்னிக்குப் பேசுச்சுங்க, இன்னிக்குப் பேசலீன்னா நான் என்ன பண்ணட்டும்” என்கிறார். அவருடன் நான் வாதாடுவதை நிறுத்திவிட்டேன்.

சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கு மட்டும் இது ஏன் இப்படிப் பொருந்துகிறது என்று நிறைய யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு படமும் ஆரம்பத்தில் நம்மிடம் ஒரு சம்மதம் கேட்கிறது: காலத்தில் பின்னால் போக முடியும், இந்த ரோபோவுக்குக் கோபம் வரும், இந்த ஊரில் எல்லோரும் வேறு யாரோ. முதல் படத்துக்குச் சம்மதிக்க மனசு இழுக்கும். “அதெப்படி முடியும்?” என்று பக்கத்தில் இருப்பவர் முணுமுணுப்பார். மூன்று படம் தாண்டினால் முணுமுணுப்பு நின்றுவிடும். ஐந்தாவது படத்தில் எதைச் சொன்னாலும் நம்புகிற நிலைக்குக் கூட்டமே வந்திருக்கும். குறைந்த செலவில் எடுத்த படங்கள் அந்த நேரத்தில் ஜெயிக்கும். அட்டையில் செய்த விண்கலம் காலையில் அட்டையாகத்தான் தெரியும். ராத்திரி பதினொரு மணிக்கு அது பறக்கும்.

அதனால்தான் எங்களுக்குள் படத்தின் பெயரைவிட அதன் இடம் நிலைத்துவிட்டது. “அது ரெண்டாவது படமா இருந்திருந்தா பிடிச்சிருக்கும்” என்றுதான் விமர்சனமே செய்வார்கள்.

அப்படியானால் வரிசையை எப்படி அமைக்கிறீர்கள்?

வரிசை தப்பினால் நல்ல படங்களும் வீணாகும், கல்யாணப் பந்தியில் முதலில் ரசத்தை ஊற்றியது போல.

முதல் படத்துக்குப் பாதிப் பேர் தாமதமாகத்தான் வருவார்கள். ஆகவே எல்லோரும் பார்த்த ஒன்று. இரண்டாவது இடம்தான் தங்கம்: வயிறு காலியாகவும் இல்லை, நிறைந்தும் இல்லை, மூளை விழித்திருக்கிறது. தலையைப் பிய்த்துக்கொள்கிற படம் அங்கே. சுமார் 7,000 டாலரில் எடுக்கப்பட்டு 2004-இல் வந்த ‘பிரைமர்’ வெறும் 77 நிமிடம்தான். அதை அங்கே போட்டால் கொஞ்சமாவது பிடிபடும். வேறு இடத்தில் போட்டால் துளியும் புரியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சத்தம் வேண்டும். பூதம், டைனோசர், கட்டடம் இடிவது. சாயங்காலம் குடும்பத்தோடு வருகிறவர்களுக்காகத் தமிழ்ப்படம். நள்ளிரவில் பயம். விடியலில் சிரிப்பு, ‘பேக் டு த ஃபியூச்சர்’ (1985) விடியற்காலை ஐந்து மணிக்கென்றே எடுத்த படம் என்பது என் தீர்ப்பு.

ஜோடி சேர்ப்பதில் ஒரு தனி சுகம் இருக்கிறது. 1962-இல் வந்த ‘லா ஜெத்தே’ 28 நிமிடம், அநேகமாக முழுக்க அசையாத புகைப்படங்களாலேயே ஆனது. அதைப் போட்டுவிட்டு, அதிலிருந்து பிறந்த ‘12 மங்கீஸ்’ (1995) படத்தை உடனே ஓட்டினால் அரங்கில் ஒவ்வொருவராக “அடடே” என்பது கேட்கும்.

மறக்கவே முடியாத மாரத்தான் எது?

ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதிகம் பேர் சொல்வது மின்வெட்டு மாரத்தான்.

2012-ஐ கொங்கு மண்டலத்தில் யாரும் மறக்கவில்லை. மணிக்கணக்கில் கரண்ட் இருக்காது. பவுண்டரிகளும் பனியன் கம்பெனிகளும் ஜெனரேட்டரில் மூச்சுவிட்ட வருடம். திருப்பூர்ப் பக்கம் ஒரு காலி குடோனில் அந்த வருடம் படம் போட்டோம். ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் டீசல் விலையைப் பார்த்துப் புரொஜெக்டரை மட்டும் ஓட்டினோம், மின்விசிறி கிடையாது. நள்ளிரவுக்கு ‘த திங்’ (1982). அண்டார்க்டிகாவில் ஒரு முகாம், அவர்களுக்குள் யாரோ ஒருவர் மனிதன் இல்லை. யாரென்று கண்டுபிடிக்க ஒவ்வொருவர் ரத்தத்தையும் சோதிக்கிற காட்சி வந்தது. ஜெனரேட்டர் நின்றது.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. டீசல் வாங்கப் போனவர் வரும்வரை இருட்டில் சும்மா இருக்க முடியாமல், படத்தை முன்பே பார்த்திருந்த ஈரோட்டு அண்ணன் ஒருவர் மீதிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மஞ்சள் மண்டியில் ஏலம் கூறிப் பழகிய குரல். நன்றாகத்தான் சொன்னார், முழுக்கப் பொய். வேறு ஆளை மாட்டிவிட்டு, வேறு முடிவு வைத்து, ஒரு நாய்க்குப் பழிவாங்கும் காட்சிகூடச் சேர்த்தார். டீசல் வந்து படம் தொடர்ந்தபோது பாதிப் பேருக்கு ஏமாற்றம். அண்ணன் சொன்ன முடிவுதான் நன்றாக இருந்தது என்று இன்றும் ஒரு கட்சி இருக்கிறது. பெரிய மேதைகள் எடுத்த படம் அது, இருந்தாலும் நானும் அந்தக் கட்சிதான்.

வியர்வையில் குளித்துக்கொண்டே பனிப்பிரதேசத்தைப் பார்த்ததும் அந்த ராத்திரியின் விசேஷம்.

கொங்கு நாட்டுக்கும் சயின்ஸ் ஃபிக்‌ஷனுக்கும் என்ன சம்பந்தம்?

கேட்பவர்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகம்.

சினிமாவே இங்கே சீக்கிரம் வந்தது. ரயில்வேயில் வேலை பார்த்த கோவைக்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் போட்டார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். பிற்பாடு அது டிலைட் தியேட்டர் ஆனது. திருச்செங்கோட்டுக்காரர் டி.ஆர்.சுந்தரம் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நடத்தினார்; ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவு இன்றும் நிற்கிறது.

நாங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடும் தகவல் இனிமேல்தான். அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஹாலிவுட்காரர்களுடன் கூட்டுச் சேர்ந்து 1952-இல் ‘த ஜங்கிள்’ என்று ஒரு இங்கிலீஷ் படம் எடுத்தது, தமிழில் ‘காடு’. யானைகள் ஏன் ஊருக்குள் புகுந்து மிரள்கின்றன என்று தேடிப்போனால், என்றோ அழிந்துபோன மாமத யானைகள் உயிரோடு இருக்கின்றன! நிஜ யானைகளுக்கு ரோமம் மாட்டி நடக்கவிட்டிருக்கிறார்கள். ஹாலிவுட்டின் ராட் கேமரன், சீசர் ரொமேரோவோடு நம் எம்.என்.நம்பியாரும் நடித்திருக்கிறார். அதே நம்பியார் 1963-இல் வந்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகவாசியாக வந்து, தன் கிரகத்துக்குப் பாட்டுச் சொல்லித்தர பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார், எம்.ஜி.ஆர். மீட்டுவருகிறார். பூமியைப் பிடிக்க வராமல் பாட்டு வாத்தியாரைத் தேடி வந்த ஒரே வேற்றுக்கிரகவாசி நான் அறிந்தவரை இவர்தான். இரண்டையும் சேர்த்து நம்பியார் ஸ்பெஷல் போடும் நாளில் அரங்கில் விசில் அடங்காது.

சமீபத்திய படங்களில் ‘மிருதன்’ (2016) ஜாம்பிகளுக்கு நடுவே ஊட்டியிலிருந்து கோவைக்கு வருகிறது. ‘மாநாடு’ (2021) இன்னும் நெருக்கம். துபாயிலிருந்து கோவை வரும் விமானத்தில் சிலம்பரசன் கண் விழிக்கும்போதெல்லாம் அந்த நாள் திரும்பத் தொடங்குகிறது. எங்கள் கூட்டம் ஒவ்வொரு தடவையும் பஸ் கண்டக்டர் குரலில் “சித்ரா ஸ்டாப்பெல்லாம் எறங்குங்க!” என்று கத்தும். அவிநாசி ரோட்டில் விமான நிலையத்துக்கான பஸ் ஸ்டாப் அது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி படத்திலேயே அந்த வசனம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு இங்கிலீஷ் அவ்வளவாக ஓடாது. வரலாமா?

தாராளமாக. டப்பிங் கிடைப்பவற்றைத் தமிழிலேயே போடுவோம். டப்பிங்கைக் கிண்டல் செய்பவர்களை நான் மதிப்பதில்லை. ‘அவதார்’ (2009) படத்தை முதலில் தமிழில் பார்த்துச் சொக்கிப்போனவர்கள்தான் எங்களில் பாதி. ரஷ்ய, ஜப்பானியப் படங்களுக்கு எல்லோரும் சப்டைட்டிலை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள்தான், அங்கே யாரும் யாருக்கும் உசத்தி இல்லை.

‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ போடுவீர்களா?

போடுவோம், சண்டையும் நடக்கும். 1968-இல் வந்த படம், இரண்டரை மணி நேரத்தைத் தொடும், முதல் வசனம் வருவதற்கே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். தூங்கவைக்கிற படம் என்று ஒரு தரப்பு, தெய்வம் என்று ஒரு தரப்பு.

நான் சொல்ல விரும்புவது அதன் இடைவேளையைப் பற்றி. நம்மூர் தியேட்டர்களில் இங்கிலீஷ் படத்துக்கு இடைவேளை என்றால் நடிகர் வாயைத் திறக்கும்போதே விளக்கு எரியும். கேன்டீன்காரர் வைத்ததுதான் சட்டம். இந்தப் படத்திலோ இடைவேளையை இயக்குநரே வைத்திருக்கிறார். விண்கலத்தை நடத்துகிற ‘ஹால்’ என்ற கம்ப்யூட்டருக்குக் கேட்காதபடி இரண்டு விண்வெளி வீரர்கள் கதவை அடைத்துக்கொண்டு பேசுகிறார்கள். ஹால் கண்ணாடி வழியாக அவர்கள் உதட்டசைவைப் படிக்கிறது. இடைவேளை. தமிழ் சினிமாவில் எவ்வளவோ இடைவேளைத் திருப்பங்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் அருமை உடனே தெரியும். அந்த இடைவேளையை வெட்டிவிட்டு நேராக ஓட்டுகிறவர்கள் படத்தில் பாதியை எறிகிறார்கள்.

தூங்கிவிட்டால்?

தூங்கலாம். குறட்டைக்கு மட்டும் கடைசி வரிசை. படம் முடிந்ததும் எழுப்பிக் கதை கேட்கும் உரிமை தூங்கியவருக்கு உண்டு, சொல்ல மறுக்கும் உரிமை மற்றவர்களுக்கு உண்டு.

சாப்பாடு?

மதியம் அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய், தொட்டுக்கொள்ள அப்பளமும் ஊறுகாயும். ஒரே அண்டாவில் முடிகிறது, இருட்டில் சிந்தாமல் சாப்பிடலாம், ஆனால் அளவு மீறினால் மூன்றாவது படம் கனவில்தான். சாயங்காலம் பேக்கரியிலிருந்து தேங்காய் பன், டீ. சேலத்து நண்பர்கள் வந்தால் தட்டுவடை செட் கொண்டுவருவார்கள், அது அரங்குக்கு வெளியே மட்டும். அமைதியான விண்வெளிக் காட்சியில் நாற்பது பேர் தட்டுவடை கடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொண்ட பிறகு வந்த விதி. ராத்திரிக்கு இட்லி. பிரியாணி கிடையாது. கேட்காதீர்கள்.

எங்கள் ஊரிலேயே ஒன்று நடத்த ஆசை. என்ன வேண்டும்?

முதலில் உரிமை. வீட்டில் சொந்தக்காரர், சிநேகிதர்களுடன் பார்ப்பது வேறு, பொது இடத்தில் ஊரைக் கூட்டிப் போடுவது வேறு. டிக்கெட் காசு வசூலிக்காவிட்டாலும் பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரின் அனுமதி வேண்டும். ஓடிடி சந்தா அதற்குச் செல்லாது. மல்டிபிளக்ஸ்களில் ஒரு திரையைத் தனியாக வாடகைக்கு எடுக்க முடியும். அங்கே இன்னொரு சங்கதி உண்டு. டிஜிட்டல் படம் பூட்டோடு வரும். அதைத் திறக்கும் சாவி குறிப்பிட்ட கருவிக்கும் குறிப்பிட்ட நேரத்துக்கும் மட்டுமே வேலை செய்யும். வரிசையைக் கடைசி நிமிடத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்பு அங்கே செல்லாது.

சொந்தமாக நடத்தினால் படத்தைவிட ஒலிக்குச் செலவு செய்யுங்கள். வெள்ளைச் சுவரில் படம் சுமாராகத் தெரிந்தாலும் கண் பழகிவிடும், காது பழகாது. கல்யாணத்துக்கு மைக்செட் போடுகிறவரிடம் சொன்னால் பாக்ஸ் வரும், ஆனால் அவரைப் பக்கத்திலேயே உட்காரவிடாதீர்கள், சத்தத்தைக் கூட்டிக்கொண்டே இருப்பார். இரண்டு படத்துக்கு ஒருமுறை புரொஜெக்டரை ஆறவிடுங்கள்.

நாள் பார்ப்பது முக்கியம். திருப்பூர்க்காரர்களை எதிர்பார்த்தால் தீபாவளி முடிந்த வாரம் நல்லது. வெளியூர்த் தொழிலாளர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், கம்பெனிகள் மெதுவாகத்தான் திறக்கும். மார்ச் கடைசியில் ஷிப்மென்ட் நேரத்தில் வைத்தால் பாதிப் பேர் போனோடு வெளியேதான் நிற்பார்கள்.

அதற்கு முன் கூட்டமாகப் படம் பார்த்துப் பழக வேண்டுமானால், கோவையில் கோணங்கள் திரைப்படக் கழகம் வருடக்கணக்காக உலகப் படங்களைத் திரையிட்டு வந்திருக்கிறது. எங்களில் சிலருக்குச் சப்டைட்டில் படிக்கும் வேகம் வந்ததே அங்கேதான்.

போடவே கூடாத படம் எது?

ஒரு தொடரின் நடுப்பாகம். முன்கதையை ஒருவர் சொல்ல, இன்னொருவர் திருத்த, படம் ஓடிக்கொண்டே இருக்கும்.

குழந்தைகளை அழைத்து வரலாமா?

சாயங்காலத் தமிழ்ப்படத்துக்கு வரட்டும். ‘அயலான்’ (2024) போட்ட வருடம் பிள்ளைகள்தான் அரங்கை ஆண்டார்கள். நள்ளிரவுப் படங்களுக்கு வேண்டாம். எழுபதைத் தாண்டிய அம்மாக்கள் சிலர் விடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கு வயது வரம்பு இல்லை. அவர்களில் ஒருவர், காலத்தில் பின்னால் போகவைக்கும் கடிகாரம் வருகிற ‘24’ (2016) பார்த்துவிட்டு, மகனிடம் “அந்தக் கடியாரம் எனக்குக் கெடைச்சா தோட்டத்த வித்த அன்னிக்குப் போயி ஒங்கப்பன் கையப் புடிச்சிருப்பேன்” என்றார். அன்றைய விமர்சனங்களில் அதைத் தாண்ட யாராலும் முடியவில்லை.

எல்லாம்தான் போனிலேயே கிடைக்கிறதே, இதெல்லாம் எதற்கு?

போனில் பிடிக்காவிட்டால் மாற்றிவிடுவீர்கள். இங்கே மாற்ற முடியாது, கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முறைப்பார். பத்து நிமிடத்தில் தள்ளிவிட்டிருக்கக்கூடிய எத்தனையோ படங்களை அந்த முறைப்புக்குப் பயந்து முழுக்கப் பார்த்து, இன்று அவற்றைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தலையணை கொண்டுவரலாமா?

கொண்டுவாருங்கள். உறையைத் துவைத்துக் கொண்டுவாருங்கள்.